கணிப்பொறிப் பழுதுபார்ப்புத் தேர்வும் நமது சங்கங்களின் கடமையும்

கணக்கு ஒழுங்காக உள்ள சங்கமே நிலைத்து நிற்கும் என்பது கூட்டுறவாளர் யாவரும் அறிந்த உண்மை. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டிலேயே திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் சங்கம் பதிவு பெற்ற நாள் தொட்டு, நெடுங்காலம் நமது கணக்குகள் பேரேட்டிலேயே வாழ்ந்து வந்தன. பேரேட்டில் ஒரு தாள் கிழிந்தால் பசை தடவி ஒட்டிக்கொள்ளலாம். மை தீர்ந்தால் வேறு புட்டி வாங்கிக்கொள்ளலாம். அதற்காக வெளியூரிலிருந்து ஓர் ஆளை வரவழைக்க வேண்டிய தேவை எழுந்ததில்லை.

இன்று நிலைமை வேறு. 2022 ஜூன் 29-ஆம் நாள் மத்திய அமைச்சரவை 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதற்கு முன்னரே, 2017-இல் தமிழ்நாட்டில் குடும்ப அட்டை மின்னணு அட்டையாக மாறி, கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் நியாய விலைக் கடைகளில் விற்பனைக் கருவி வந்து அமர்ந்துவிட்டது. பயிர்க் கடன், நகைக் கடன், உரம், விதை, நூல் கொள்முதல், கூலிப் பட்டுவாடா என எதை எடுத்துக்கொண்டாலும் கணிப்பொறியின் வழியே நடக்கிறது. இது நன்மையே. கணக்கில் ஒளிவு மறைவு குறைகிறது; கடன் நிலுவை ஒரு நொடியில் தெரிகிறது. இம்மாறுதலைக் குறைகூறுவது எனது நோக்கமன்று.

ஆனால் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. இயந்திரம் வந்துவிட்டது, அது நின்றுவிட்டால் அதை ஓடச் செய்பவர் யார்?

பென்னாகரம் வட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஏரியூர்ப் பக்கத்திலிருந்தும் பெரும்பாலைப் பக்கத்திலிருந்தும் ஒருவர் காலையில் பேருந்தேறிச் சங்கத்துக்கு வருகிறார். விதைப்புக் காலம், மழை விழுந்து மண் ஈரமாயிருக்கிறது. வந்த இடத்தில், "கணிப்பொறி வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்கிறார்கள். அவருக்கு அன்றைய கூலி போயிற்று. பேருந்துக் கட்டணம் போயிற்று. மண்ணின் ஈரமும் ஒரு நாள் குறைந்தது. அவருடைய சங்கத்தில் நின்றுபோனது ஒரு பெட்டி மட்டுமன்று, அவருடைய விதைப்பும் நின்றது. பழுதுபார்ப்பவர் தருமபுரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்து சேரும் வரை இந்நிலை நீடிக்கிறது.

மறுபுறம், இதே வட்டத்தில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய இளைஞர்களும் இளம் பெண்களும் வேலை தேடி நிற்கின்றனர். கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் புளியும் வானத்தை நம்பியவை. ஆதலின் ஒசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் மூட்டை கட்டுவது இங்கே பழகிப்போன வழக்கம். தேவை ஒரு பக்கமும், தேவையை நிறைவேற்றத்தக்க கைகள் மறுபக்கமும் இருக்க, இரண்டுக்கும் இடையே பாலம் இல்லை. அப்பாலமாக அமையத்தக்கது கணிப்பொறிப் பழுதுபார்ப்பில் தொடக்கநிலைத் தேர்வு. ஆனால் அத்தேர்வுக்கு ஆயத்தம் செய்வது தனிக் குடும்பத்தின் சுமையாக இருக்கும் வரை பயன் சிறிதே. சங்கத்தின் பொறுப்பாக மாறினால்தான் முழுப் பயன் விளையும். இதுவே இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்புவது.

இருவகைத் தேர்வுகள்

இத்துறையில் நம் பிள்ளைகளுக்கு எட்டும் தேர்வுகள் முக்கியமாக இரண்டு.

முதலாவது, நம் நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் தேர்வு. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ், கணிப்பொறி வன்பொருள் மற்றும் வலையமைப்புப் பராமரிப்பு என்னும் ஓராண்டுப் பிரிவு உண்டு. பத்தாம் வகுப்புத் தேறியவர் இதில் சேரலாம். ஆண்டிறுதியில் அகில இந்தியத் தொழில் தேர்வு நடைபெறும். தேறியவர்க்குத் தேசியத் தொழிற் சான்றிதழ் கிடைக்கும். தமிழ்நாட்டு அரசு நிலையங்களில் பயில்வோர்க்கு மாத உதவித்தொகை வழங்கும் ஏற்பாடும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கென 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்க்கென 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்ற அளவில் தொடங்கப்பட்டன. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்வோரும் இவற்றின் பயனைப் பெறுமாறு விதிகள் அமைந்தன. நடப்பு ஆண்டில் இப்பிரிவு எந்த நிலையத்தில் நடக்கிறது, உதவித்தொகை எவ்வளவு என்பவற்றைத் தருமபுரி அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் நேரில் கேட்டறிவது நலம்.

இரண்டாவது, அமெரிக்க நாட்டுக் காம்ப்டியா என்னும் அமைப்பு 1993 முதல் நடத்திவரும் ஏ-பிளஸ் தேர்வு. உலகெங்கும் நிறுவனங்கள் இதை அறியும். இதற்கு இரண்டு தாள்கள். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். வினாக்கள் 90-க்கு மிகா. மதிப்பெண் அளவு 100 முதல் 900 வரை. முதல் தாளில் 675-உம் இரண்டாம் தாளில் 700-உம் பெற்றால் தேர்ச்சி. சான்று மூன்று ஆண்டு செல்லும். பின்னர் புதுப்பிக்க வேண்டும். இரு தாளுக்கும் தனித்தனியே கட்டணம் உண்டு. அமெரிக்காவில் அது தாளொன்றுக்கு 250 டாலருக்கு மேற்பட்டது. பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது. 2025 மார்ச்சில் 220-1201, 220-1202 என்ற எண்களோடு புதிய தாள்கள் வந்தன. பழைய 1101, 1102 எண்ணுள்ள தாள்கள் அவ்வாண்டு செப்டம்பரில் நிறுத்தப்பட்டன. பழைய புத்தகக் கடையில் விலை மலிவென்று நூல் வாங்குவோர் அட்டையில் உள்ள எண்ணை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்விரண்டில் எது நமக்கு உகந்தது? பென்னாகரத்துப் பிள்ளைக்கு முதற்படி தொழிற்பயிற்சி நிலையமே என்பது எனது உறுதியான எண்ணம். அங்கே கருவி உண்டு, ஆசிரியர் உண்டு, செலவு குறைவு, சான்று நம் நாட்டு அரசு அங்கீகாரம் பெற்றது. ஏ-பிளஸ் இரண்டாம் படி. ஓராண்டு கையால் வேலை செய்து பழகியபின் பெங்களூர் போன்ற இடங்களில் உயர்ந்த ஊதியம் நாடுவோர்க்கு அது துணை செய்யும். முதற்படியில் கால் வைக்காமல் இரண்டாம் படிக்குத் தாவுவோர் பணத்தை இழக்கின்றனர்.

தேர்வு கேட்பது யாது?

இத்தேர்வுகள் மனப்பாடத்தைச் சோதிப்பன என்று பலர் எண்ணுகின்றனர். பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். ஏ-பிளஸ் முதல் தாளில் கைக்கருவிகளுக்கு நூற்றுக்கு 13, வலையமைப்புக்கு 23, வன்பொருளுக்கு 25, மேகக் கணிப்பு முதலியவற்றுக்கு 11, பழுதறிதலுக்கு 28 என்ற பங்கீடு. இரண்டாம் தாளில் இயக்க முறைமைக்கு 28, பாதுகாப்புக்கு 28, மென்பொருள் பழுதறிதலுக்கு 23, பணிமுறைகளுக்கு 21. முதல் தாளில் மிகுந்த பங்கு பழுதறிதலுக்கே. இரண்டாம் தாளிலும் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. தேர்வை நடத்துவோரே, எழுத வருபவர்க்குப் பன்னிரண்டு மாதச் செயல் அனுபவம் இருப்பது நன்று என்கின்றனர். வினாக்கள் சிலவற்றில் திரையிலேயே ஒரு வேலையைச் செய்து காட்டவும் வேண்டும்.

பழுதறிதலுக்கு ஒரு முறை கற்பிக்கப்படுகிறது. முதலில் பயன்படுத்துவோரைக் கேட்டுக் குறையை அறிக, காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஊகிக்க, ஊகத்தைச் சோதிக்க, செய்யவேண்டியதைத் திட்டமிட்டுச் செய்க, எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, மீண்டும் நேராதவாறு காக்க, செய்ததை எழுதி வைக்க. இந்த ஆறு படிகளும் நமக்குப் புதியவை அல்ல. தறியில் ஊடை விட்டுப்போனால் நெசவாளர் என்ன செய்கிறார்? கண்மூடித்தனமாகத் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. நாடாவைப் பார்க்கிறார், தாரைப் பார்க்கிறார், பாவில் இழை அறுந்ததா, விழுதில் சிக்கியதா, அச்சில் தேய்ந்ததா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருகிறார். பயிரின் இலை மஞ்சளித்தால் உழவரும் அவ்வாறே நீரா, உரமா, பூச்சியா என்று ஆராய்கிறார். பழுதறியும் அறிவு நம் வீடுகளில் ஏற்கெனவே குடியிருக்கிறது. அதைப் புதிய பொருளின்மேல் செலுத்தக் கற்பதே வேண்டுவது.

சிறியதோர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். சங்கத்துக் கணிப்பொறி காலையில் திறந்ததும் பல ஆண்டுக்கு முந்திய தேதியைக் காட்டுகிறது. இணையத்தில் வங்கிப் பக்கமோ அரசுப் பக்கமோ திறப்பதில்லை. "பாதுகாப்பற்றது" என்ற எச்சரிக்கை வருகிறது. அறியாதவர் இணைய இணைப்பைக் குறைகூறுவார்; வணிகம் நாடுவோர் புதிய இயந்திரம் வாங்கச் சொல்வார். அறிந்தவர் தாய்ப்பலகையில் காசு வடிவில் பதிந்திருக்கும் 3 வோல்ட் மின்கலத்தை மாற்றித் தேதியைத் திருத்துவார். இயந்திரம் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அம்மின்கலம். தேதி தவறினால், இணையப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்று காலத்துக்கு உட்பட்டதா என்பதை இயந்திரம் சரிபார்க்க இயலாது போகிறது. ஆகவே பக்கம் திறப்பதில்லை. மின்கலத்தின் விலை நூறு ரூபாய்க்கும் குறைவு. அறிவு அருகில் இல்லாமையால் நாம் கொடுக்கும் விலையோ மிகப் பெரிது.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இத்துறையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை என்பதற்கு வரலாறும் சான்று. பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-இல் துளையிட்ட அட்டையால் பாவிழைகளைத் தூக்கியும் தாழ்த்தியும் கோலம் நெய்யும் பொறியை அமைத்தார். துளை இருந்தால் இழை எழும்; இல்லையேல் எழாது. அதே அட்டையைப் பாபேஜ் என்னும் ஆங்கில அறிஞர் தாம் வரைந்த கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹோலரித் துளை அட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார். உண்டு, இல்லை என்ற இரண்டே சொல்லால் உலகத்தை எழுதும் கணிப்பொறிக்கு முன்னோரில் ஒருவர் தறியும் ஆகும்.

ஆயத்தம் செய்யும் முறை

இனி, ஆயத்தம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைச் சொல்கிறேன். பன்னிரண்டு மாதத்தை நான்கு பருவமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று மாதம் புத்தகத்தைவிடத் திருப்புளிக்கே மிகுந்த வேலை. பழைய இயந்திரம் ஒன்றை முற்றிலும் பிரித்து மீண்டும் கோத்து ஓடச் செய்ய வேண்டும். ஒருமுறை அன்று, இருபது முறை. நினைவகம், வட்டு, மின்வழங்கி, விசிறி ஆகியவை எங்கெங்கே பொருந்துகின்றன என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். தொடும் முன் உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். வறண்ட நாளில் செயற்கை இழைத் துணி உடம்பில் ஒட்டுவதை நாம் அறிவோம். நமக்கு உறைக்காத அளவு மின்னேற்றம்கூட நுண்சில்லைக் கெடுத்துவிடும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் பயில்வோர் திறக்கலாகாது. இணைப்பை எடுத்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். உப்பிய மின்கலத்தைக் குத்துவதும் அழுத்துவதும் கூடாது, அது தீப்பற்றும்.

அடுத்த மூன்று மாதம் வலையமைப்பும் அச்சுப்பொறியும். எட்டுக் கம்பியுள்ள வடத்தை நிற வரிசை பிறழாமல் முனையில் பொருத்திச் சோதிக்கப் பழக வேண்டும். கணிப்பொறியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் கருவியிடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது வடத்தையும் அக்கருவியையும் பார்க்க வேண்டும். ரசீதில் அச்சான எழுத்து விரலால் தடவினால் அழிகிறதெனில், லேசர் அச்சுப்பொறியில் தூளைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் உருளையைச் சந்தேகிக்க வேண்டும். இவை தேர்விலும் வரும். மறுநாள் சங்கத்திலும் வரும்.

மூன்றாம் பருவம் இயக்க முறைமையும் பாதுகாப்பும். இங்கே காலத்துக்கேற்ற பாடம் ஒன்று நம் முன் நிற்கிறது. விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ குறிப்பிட்ட வகைச் செயலியும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் வேண்டும். சில இயந்திரங்களில் அவ்வுறுப்பு இருந்தும் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அறிந்தவர் அதை இயக்கிவிடுவார். சிலவற்றில் உண்மையாகவே இராது. அவற்றில் லினக்ஸ் போன்ற இலவச முறைமையைப் பொருத்திப் பயிற்சிக்கும் எழுத்து வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். எது எவ்வகை என்று பிரித்துச் சொல்லத்தக்க ஒருவர் இல்லாத சங்கம், கடைக்காரர் சொன்னபடி எல்லாவற்றையும் தூக்கி எறிந்து புதியது வாங்கும்.

கடைசி மூன்று மாதமே புத்தகத்துக்கும் மாதிரித் தேர்வுக்கும் உரியது. ஏ-பிளஸ் எழுதுவோர்க்கு இப்பருவத்தில் மொழியும் ஒரு பாடம். அத்தேர்வு ஆங்கிலம் முதலிய சில மொழிகளில் நடக்கிறது, தமிழில் இல்லை. வினாக்கள் பெரும்பாலும் சிறு கதைபோல வரும். "ஓர் ஊழியர் இவ்வாறு முறையிடுகிறார், முதலில் செய்யவேண்டுவது யாது?" என்று கேட்பர். முதலில், அடுத்து, மிகச் சிறந்தது என்ற சொற்களைக் கவனியாமல் படித்தால், அறிந்த விடையும் தவறிப்போகும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. முதல் மாதம் தொட்டே ஒவ்வொருவரும் பழுதேடு ஒன்று வைத்துக்கொள்ளட்டும். அதில் குறை, ஊகம், சோதனை, தீர்வு ஆகியவற்றைத் தமிழில் எழுதி, அருகில் ஆங்கில வாசகத்தையும் எழுதி வரட்டும். ஆண்டு முடிவில் அவ்வேடு எந்தக் கடையிலும் கிடைக்காத பாடநூலாகும். சிந்தனை தாய்மொழியில் தெளிந்தால் பிறமொழியில் விடை சொல்வது கடினமன்று.

இவ்விடத்தில் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். தேர்வில் வந்த வினாக்களைத் திருட்டுத்தனமாகத் திரட்டி விடையோடு விற்போர் உளர். அவற்றை மனப்பாடம் செய்தால் பதினைந்து நாளில் தேறலாம் என்று ஆசை காட்டுவர். தேர்வு அமைப்பின் விதிப்படி இது குற்றம். கண்டுபிடித்தால் சான்று பறிபோகும். கண்டுபிடிக்காமல் விட்டாலும் நட்டம் நட்டமே. வேலையில் சேர்ந்த முதல் நாளில் ஓடாத இயந்திரம் ஒன்றை முன்னே வைத்தால் மனப்பாடம் உதவாது. "வேலைக்கு உத்தரவாதம்" என்று சுவரொட்டி ஒட்டிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சிக் கூடங்களிலும் எச்சரிக்கை வேண்டும். அங்கே பணம் கட்டும் முன் பெற்றோர் மூன்று கேள்வி கேட்கட்டும்: என் பிள்ளை கையால் பிரித்துக் கோக்க எத்தனை இயந்திரம் வைத்திருக்கிறீர்? வாரத்தில் எத்தனை மணி அவற்றைத் தொட விடுவீர்? முடிவில் தருவது எந்த அமைப்பின் சான்று? நேரான விடை வராவிட்டால், கழுத்து நகையை அடகு வைக்காமல் வீடு திரும்புவதே அறிவுடைமை.

சங்கம் செய்யவேண்டுவது

மேற்கூறிய ஆயத்தத்துக்கு வேண்டிய முதற்பொருள் பணமன்று. பிரித்துப் பழகத்தக்க பழைய இயந்திரமும், தவறு செய்ய அனுமதிக்கும் ஓர் இடமும் ஆகும். ஏழைக் குடும்பத்தில் ஒரு கணிப்பொறி இருந்தால், அதைப் பிரிக்கப் பிள்ளைக்கு அனுமதி கிடைப்பது அரிது. கெட்டுப்போனால் வேறு வாங்க வழியில்லை. சங்கங்களிலோ கழித்துப்போட்ட பெட்டிகள் அறையின் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. ஒருவருக்கு அரிதானது பலர் கூடினால் எளிதாவதே கூட்டுறவின் தத்துவம். ஆகவே நான் முன்வைக்கும் யோசனை எளியது.

வட்டத்திலுள்ள சங்கங்கள் சில சேர்ந்து, ஓரிடத்தில் பழுதுமேசை ஒன்றை அமைக்கட்டும். கழித்த கணிப்பொறிகள் நாலைந்து, பழைய அச்சுப்பொறி ஒன்று, மின் அளவி, திருப்புளிகள், வடம் பொருத்தும் கருவி, சோதனைக் கருவி ஆகியவை போதும். உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தையும், திட்டத்தின் கீழ் வந்த இயந்திரத்தையும் இதற்குத் தொடக் கூடாது. கழித்த இயந்திரத்தை மேசைக்கு அனுப்பும் முன், அதன் வட்டைக் கழற்றி எடுத்து, அங்கத்தினர் கணக்குகள் எவர் கையிலும் சிக்காதவாறு முறைப்படி அழித்துவிட வேண்டும். இதில் அசட்டை கூடவே கூடாது. முற்றிலும் பயனற்றுப்போன பாகங்களைக் குப்பையில் எரிக்காமல், 2022-ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும்.

அங்கத்தினர் குடும்பத்தைச் சேர்ந்த பிள்ளைகளை ஆண்டுக்கு நாலைந்து பேராகத் தேர்ந்தெடுக்கலாம். அவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருத்தல் நன்று. வெளியூர் செல்ல இயலாத பெண்ணுக்கு உள்ளூரில் மதிப்பான தொழில் இதனால் அமையும். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்வோர் விடுமுறை நாளில் மேசைக்கு வரலாம். ஏ-பிளஸ் எழுதத் தகுதி பெற்றவர்க்குத் தேர்வுக் கட்டணத்தை வட்டியில்லாக் கடனாகத் தரலாம். பழுதேட்டைப் பார்த்து, பன்னிரண்டு மாதப் பழக்கம் உண்மையில் ஏற்பட்டதா என்று அறிந்த பின்னரே அக்கடனை வழங்க வேண்டும்.

இதற்குப் பணம் ஏது என்று கேட்கலாம். கல்விக்குப் பங்கு ஒதுக்குவது கூட்டுறவுக்குப் புதிதன்று. 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலியோர் தொடங்கிய சங்கம், பின்னர் தன் உபரியில் நூற்றுக்கு 2.5 பங்கைக் கல்விக்கென ஒதுக்கி நூல்நிலையமும் படிப்பகமும் நடத்தியது. உலகக் கூட்டுறவுக் கோட்பாடுகள் ஏழில் ஐந்தாவது கல்வியும் பயிற்சியும் ஆகும். நமது மாநிலச் சட்டத்திலும் நிகர லாபத்தில் கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பங்கு உண்டு. பழுதுமேசைக்கு வேண்டிய தொகை பெரிதன்று. ஒதுக்கீட்டுக்கு வழி யாது, பொது நன்மை நிதியிலிருந்து எடுக்கலாமா என்பதைத் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்து செய்யலாம்.

தடைகளும் விடைகளும்

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். "கற்றுக்கொண்டதும் பெங்களூருக்குப் போய்விடுவார், சங்கப் பணம் வீண்" என்பது முதல் மறுப்பு. இது நியாயமான கவலை. இதற்கு விடை, பயிலும் பன்னிரண்டு மாதத்திலேயே இருக்கிறது. அவ்வோராண்டில் அவர்கள் மூத்தவர் மேற்பார்வையில் சங்கங்களின் சிறு பழுதுகளைப் பார்ப்பார்கள். சங்கம் இட்டது அப்போதே பெரும்பாலும் திரும்பிவிடும். போகும் முன் அடுத்த இருவரைப் பழக்கிவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை விதித்தால், ஆள் போனாலும் தொழில் ஊரில் தங்கும். மேலும், பிழைப்புக்காக எப்படியும் ஊரை விட்டுப் போகிறவர், கட்டட வேலைக்குப் போவதைவிடக் கைத்தொழில் அறிந்தவராகப் போவது நம் அங்கத்தினர் குடும்பத்துக்கு நன்மையல்லவா?

"இக்காலத்து இயந்திரங்களை எவரும் பழுதுபார்ப்பதில்லை, எறிந்துவிட்டுப் புதியது வாங்குகிறார்கள்" என்பது இரண்டாவது. மெல்லிய மடிக்கணிப்பொறிகளில் நினைவகத்தைப் பலகையிலேயே பற்றவைத்துவிடுவதால் மாற்ற முடிவதில்லை என்பது உண்மை. ஆயினும் அலுவலக மேசைக் கணிப்பொறி, அச்சுப்பொறி, வடம், மின்காப்பு மின்கலம் ஆகியவை இன்றும் பழுதுபார்க்கத்தக்கவையே. சங்கங்களில் உள்ளவை பெரும்பாலும் இவ்வகையே. எறிந்துவிட்டு வாங்கும் பழக்கம் செல்வர்க்கு உரியது. அங்கத்தினர் பங்குத் தொகையால் நடக்கும் நிறுவனத்துக்கு உரியதன்று.

"செயற்கை அறிவு வந்துவிட்டதே, இனி மனிதர் ஏன்?" என்பது மூன்றாவது. காரணத்தை ஊகிக்க அப்பொறி துணை செய்யலாம். ஆனால் ஏரியூர்ச் சாலையில் உள்ள அலுவலகத்துக்கு வந்து, எலி கடித்த வடத்தை மேசைக்கடியில் கண்டுபிடித்து மாற்றுவதற்குக் கையும் காலும் வேண்டும்.

ஆகவே நமது வேண்டுகோள் இதுவே. வரும் பேரவைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கத்தின் அங்கத்தினரும் மூன்று விவரங்களைக் கேட்கட்டும். கடந்த ஆண்டில் நமது இயந்திரம் எத்தனை நாள் நின்றது? பழுதுபார்க்க எவ்வளவு செலவாயிற்று? கழித்துப்போட்ட பெட்டிகள் எத்தனை உள்ளன? இம்மூன்று எண்களும் ஏட்டில் ஏறினாலே, செய்யவேண்டியது தானே விளங்கும். பிறகு பழுதுமேசைக்கு ஒரு தீர்மானம் நிறைவேற்றி, முதல் ஆண்டுக்கு நான்கு பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள்.

விதைப்பு நாளில் வரும் அங்கத்தினரிடம் "நாளை வாருங்கள்" என்று சொல்லாத சங்கமே அவர் தமது என்று உரிமை பாராட்டும் சங்கம். அந்நிலையை எய்துவதற்கு வேண்டிய கைகள் நம் வீட்டிலேயே உள்ளன. அவற்றுக்குத் திருப்புளியும் பழைய பெட்டியும் ஓராண்டுக் காலமும் கொடுப்பது நமது கடமை. பின்னர் வரும் சான்றிதழ், அவர்கள் கையில் முன்னரே குடிகொண்ட திறமைக்கு முத்திரையாக அமையும்.